கறளும் சுண்ணாம்பும் அப்பச்சோடாவும்: இரசாயனக் கேள்வி பதில்

அன்றாட வாழ்வில் நிகழும் இரசாயனத் தாக்கங்களைப் பற்றி எதையும் கேட்கலாம் என்று அறிவித்தபோது, மாணவர்கள்தான் கேட்பார்கள் என்று எண்ணியிருந்தேன். வந்தவற்றுள் பெரும்பாலானவை அடுப்படியிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வந்த கேள்விகள். திருகோணமலையில் நெடுங்காலம் இரசாயனவியல் கற்பித்து இளைப்பாறிய எனக்கு அதில் மகிழ்ச்சியே.

சாதாரண தர மாணவி, திருகோணமலை நகர்: சேர், புதிய பொருள் தோன்றினால் அது இரசாயன மாற்றம் என்று படித்தோம். நிலாவெளி உப்பளத்தில் கடல்நீரிலிருந்து உப்புத் தோன்றுகிறதே, அது ஏன் பௌதிக மாற்றம்?

மகள், அங்கே உப்புப் புதிதாகத் தோன்றவில்லை. ஏற்கெனவே இருந்தது வெளிப்படுகிறது. ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. வெயில் நீரை மட்டும் கொண்டுபோகிறது. பாத்தியில் நீர் வற்ற வற்ற முதலில் கல்சியம் காபனேற்றும் பிறகு ஜிப்சமும் படியும், அதன் பின்னரே நாம் உண்ணும் உப்பு விளையும், கடைசியில் மகனீசிய உப்புகள் நிறைந்த கசப்பு நீர் எஞ்சும். அந்தக் கசப்பு நீரைச் சரியாக வடிக்காத உப்புத்தான் மழைக்காலத்தில் போத்தலுக்குள் கசிந்து நீர் விடுகிறது.

கற்பூரத்தை எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். திறந்து வைத்த கற்பூரம் நாளடைவில் சிறுத்துப் போவது பௌதிக மாற்றம். காற்றில் கலந்தபோதும் அது கற்பூரமாகவே இருக்கிறது. அதையே கோணேசர் சந்நிதியில் ஏற்றினால், அதன் காபனும் ஐதரசனும் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. அணுக்கள் அழியவில்லை, கூட்டாளிகளை மாற்றிக்கொண்டன. குமிழி வந்தால் தாக்கம் நடந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கொதிக்கும் தண்ணீரிலும் குமிழி வருகிறது.

இல்லத்தரசி, உப்புவெளி: அப்பச்சோடா கொஞ்சம் கூடினால் அப்பத்தில் மஞ்சள் புள்ளிகளும் சவர்க்காரச் சுவையும் வருவது ஏன்?

அப்பச்சோடா என்பது சோடியம் இருகாபனேற்று. அது வாயுவை விடுவிக்க இரண்டு வழிகள் உண்டு. புளித்த மாவிலுள்ள அமிலத்துடன் சேர்ந்தால் உடனே காபனீரொட்சைட்டு வாயு வெளிவரும். அமிலம் போதாமல் எஞ்சிய சோடா, தாச்சியின் சூட்டில் தானாகவே சிதைந்து வாயுவைத் தரும். ஆனால் இரண்டாவது வழியில் சோடியம் காபனேற்று பின்தங்குகிறது. அது வலுவான காரம், நாவில் சவர்க்காரம் போலிருப்பது அதுவே. சரியாகக் கரையாத சோடாக் கட்டி இருந்த இடத்தில், மாவிலுள்ள சில நிறப்பொருட்கள் காரத்தால் மஞ்சளாகின்றன. எனவே சோடாவைச் சிறிது நீரில் நன்கு கரைத்து, மாவு உண்மையில் புளித்த பிறகு, சுடுவதற்குச் சற்று முன்னர் சேருங்கள். கள்ளு விட்டுப் புளிக்க வைத்த மாவுக்குச் சோடாவே தேவையில்லை என்பது என் துணைவியாரின் கட்சி. அதில் அவரே சரி, கள்ளிலுள்ள மதுவம் என்னும் நுண்ணுயிர் போதிய வாயுவைத் தந்துவிடுகிறது.

விடுதிப் பணியாளர், நிலாவெளி: கழிப்பறை கழுவும் அசிட்டுடன் குளோரின் திரவத்தையும் சேர்த்தால் கூடுதலாகச் சுத்தமாகும் என்கிறார்கள். சரியா?

ஒருபோதும் செய்யாதீர்கள். அமிலமும் குளோரின் திரவமும் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிவரும். அது காற்றை விடப் பாரமானது. அடைத்த கழிப்பறையில், நீங்கள் குனிந்து தேய்க்கும் உயரத்திலேயே தேங்கி நிற்கும். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளுக்கும் இதே விதிதான். தவறிக் கலந்துவிட்டால் உடனே வெளியேறுங்கள், மூச்சு முட்டினால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

படகு திருத்துபவர், சீனக்குடா: படகின் அடியில் புதிதாகப் பூட்டிய நாகக் (துத்தநாகக்) கட்டி ஒரு வருடத்திற்குள் பாதியாகக் கரைந்துவிட்டது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா?

இல்லை தம்பி, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. கடல்நீரில் இரும்பும் நாகமும் தொட்டுக்கொண்டிருந்தால், இலத்திரன்களை எளிதில் இழக்கும் நாகமே முதலில் கரையும். அது கரையும் வரை இரும்பு தப்பும். கரையாத கட்டியைக் கண்டால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். அதற்கு வர்ணம் பூசியிருப்பார்கள், அல்லது ஆணி சரியாகத் தொடாமல் இருக்கும். பாதி தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள்.

1824-இல் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கிலேய இரசாயனவியலாளர் இதே உபாயத்தைப் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் அடியைப் போர்த்திய செப்புத் தகடுகளுக்குப் பயன்படுத்திப் பார்த்தார். செம்பு அரிக்கப்படாமல் தப்பியது. ஆனால் செம்பு கரைந்து நஞ்சாகப் பரவியதால்தான் அதுவரை பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருந்தன என்பது பிறகே தெரிந்தது. அரிப்பு நின்றது, கப்பலின் அடி முழுவதும் சிப்பி படர்ந்தது, வேகம் குறைந்தது. ஒரு தாக்கத்தை நிறுத்துவதற்கு முன் அதனால் வேறென்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு வகுப்பில் நான் எப்போதும் சொன்ன கதை இது.

முதியவர், சம்பூர்: முன்பெல்லாம் நாங்களே சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு செய்தோம். தண்ணீர் விட்டதும் நெருப்பில்லாமலே கொதிக்கும். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது ஐயா?

சூளையில் நீங்கள் எரித்த விறகிலிருந்துதான் வருகிறது, ஐயா. சிப்பி என்பது கல்சியம் காபனேற்று. ஏறக்குறைய 900 பாகை செல்சியசு வெப்பத்தில் அது காபனீரொட்சைட்டை விட்டுவிட்டு நீற்றாத சுண்ணாம்பாகிறது. அந்தப் பிரிவுக்கு வெப்பம் செலவாகிறது. பிறகு நீர் சேரும்போது புதிய பிணைப்புகள் உண்டாகி, செலவான வெப்பத்தின் ஒரு பகுதி திரும்பி வெளிவருகிறது. மிகுதி, சுவருக்கு வெள்ளையடித்த பின்னர், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சுண்ணாம்பு மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போது யாரும் உணராதபடி வெளியேறுகிறது. சில மாதங்களில் உங்கள் சுவரில் இருப்பது மீண்டும் சிப்பியின் பொருளே.

வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் இதுதான். அதன் காரத்தில் பாக்கின் துவர்ப்புப் பொருட்கள் ஒட்சியேற்றமடைந்து சிவக்கின்றன. பாக்கு வாய்ப்புற்றுநோயை உண்டாக்குவது என்பது உறுதியான செய்தி என்பதால், அந்தச் சிவப்பைப் புகழ எனக்கு மனமில்லை.

வீட்டு உரிமையாளர், உவர்மலை: பன்னிரண்டு வருடம் பழைய வீடு. கொங்கிறீட் தட்டின் அடிப்பக்கம் வெடித்து, கட்டி கட்டியாக விழுகிறது, உள்ளே கம்பி கறள் பிடித்திருக்கிறது. வெடிப்புக்குச் சீமெந்து பூசினால் போதுமா?

போதாது. என் சொந்த வீட்டில் அதைச் செய்துபார்த்து ஏமாந்தவன் நான். பூசிய பூச்சு இரண்டாம் மாரியில் கம்பியின் நீளத்திற்கே கோடு போட்டாற்போலப் பிளந்தது. தட்டிப் பார்த்தபோது ஓட்டை மண்பானை போன்ற ஓசை. பெயர்த்துப் பார்த்தால், விரல் பருமன் கம்பியைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்கு.

நல்ல கொங்கிறீட்டுக்குள் இரும்பு பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம், சீமெந்து நீருடன் தாக்கமுறும்போது உருவாகும் சுண்ணாம்பே. அது காரத்தன்மையைக் காட்டும் pH பெறுமானத்தை 12-க்கு மேல் வைத்திருக்கிறது. அந்தக் காரச் சூழலில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று உண்டாகி இரும்பைக் காக்கிறது. அந்தப் படலத்தை இரண்டு எதிரிகள் அழிக்கின்றன. ஒன்று காபனீரொட்சைட்டு: சம்பூர் ஐயாவின் சுவரைக் கல்லாக்கிய அதே தாக்கம், கொங்கிறீட்டுக்குள் நுழைந்து சுண்ணாம்பைத் தின்று காரத்தைக் குறைக்கிறது. மற்றது உப்பிலுள்ள குளோரைட்டு: கழுவாத கடல் மணலிலும் உவர்க் கிணற்று நீரிலும் கலந்து வருவது, அல்லது கடற்காற்றுடன் பின்னர் ஊறுவது. காரம் இருந்தாலும் குளோரைட்டு படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும்.

படலம் போனபின் இரும்பு, நீர், ஒட்சிசன் மூன்றும் சந்தித்துக் கறள் உண்டாகிறது. அது தான் தோன்றிய இரும்பை விட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிப்பதால், கொங்கிறீட்டை உள்ளிருந்தே நெம்பிப் பிளக்கிறது. மேலே பூசும் சீமெந்து அந்த நெம்புதலை ஒன்றும் செய்யாது. தளர்ந்த பகுதியைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, கறளைப் பளபளக்கும் வரை சுரண்டி, பாதுகாப்புப் பூச்சிட்டு, நன்னீரும் ஆற்று மணலும் கொண்டு குழைத்த கொங்கிறீட்டால் நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பொறியியலாளர் பார்க்காமல் எதையும் செய்யாதீர்கள். தட்டுக்குக் கீழே பிள்ளைகளைப் படுக்க விடாதீர்கள்.

பாடசாலை மாணவன், கன்னியா: எங்கள் ஊர் வெந்நீரூற்று சுடுவதற்கு நிலத்தடியில் கந்தகம் எரிவதுதான் காரணமா?

எரிய ஒட்சிசன் வேண்டும், அது அங்கே இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்திற்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தால் சூடாகி மேலே வருகிறது. இராவணன் வாளால் குத்தியதால் இந்த ஊற்றுகள் தோன்றின என்னும் கதையை அது பொய்யாக்கவும் இல்லை, மெய்யாக்கவும் இல்லை.

வாசகர், புல்மோட்டை: எங்கள் கறுப்பு மணலிலிருந்து வெள்ளை வர்ணம் செய்கிறார்களாமே?

ஆம். மணலிலுள்ள இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வை. சல்பூரிக் அமிலத்தால் தாக்கி இரும்பை நீக்கினால், இறுதியில் தைத்தேனியம் ஈரொட்சைட்டு கிடைக்கும். பற்பசையிலும் சுவர் வர்ணத்திலும் உள்ள வெண்மை அதுவே.

மீன் வியாபாரி, கிண்ணியா: தேசிக்காய் தேய்த்தால் கையில் மீன் வாடை போகிறது. ஆனால் உடனே சவர்க்காரம் போட்டால் மறுபடி மணக்கிறது. என்ன மாயம்?

கூர்ந்து கவனித்திருக்கிறீர்கள். மீன் பழுதாகத் தொடங்கும்போது பக்றீரியாக்கள் உண்டாக்கும் மும்மெதைல் அமைன் என்னும் காரப் பொருளே அந்த வாடை. தேசிக்காய்ப் புளியின் அமிலம் அதை உப்பாக மாற்றுகிறது. உப்பு ஆவியாகாது, மூக்கை எட்டாது. ஆனால் அது இன்னும் கையில்தான் இருக்கிறது. சவர்க்காரம் காரத்தன்மை உடையது என்பதால், உப்பை உடைத்துப் பழைய அமைனை மீண்டும் விடுவிக்கிறது. தேசிக்காய் தேய்த்த பின் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அந்த உப்பு நீரில் நன்கு கரையும். சவர்க்காரம் அதற்குப் பிறகு.