தோட்டத்துல போடுற ஊஞ்சலை கம்மி பட்ஜெட்ல நாமளே செஞ்சுக்க முடியுமா?

தாராளமா முடியும். ரெடிமேடு ஊஞ்சல் விலையைப் பாத்து மலைச்சுப்போய்தான் கேக்கறீங்கன்னு நினைக்கிறேன், ஆனா எங்க காசை மிச்சம் புடிக்கலாம் எங்க புடிக்கவே கூடாதுங்கறது மட்டும் தெளிவா இருந்துட்டா மத்ததெல்லாம் கஷ்டமே இல்ல. பலகை, ஸ்டாண்டு, பெயிண்டுல எவ்வளவு வேணா சிக்கனம் பண்ணுங்க. மேல மாட்டுற போல்ட்டு, கொக்கி, கயிறு இந்த மூணுல மட்டும் கையை வைக்காதீங்க.

ஏன்னா 70 கிலோ ஆள் சும்மா உட்கார்ந்தா 70 கிலோ பாரம்தான், அவரே 60 டிகிரி வரைக்கும் வீசி ஆடினா கீழ வந்து கடக்கற நொடியில ரெண்டு பக்கக் கயிறும் சேர்ந்து தாங்கறது 140 கிலோ, மேல ஊஞ்சலை மாட்டியிருக்கற பாரோட மட்டத்துக்கே போய் வந்தா 210 கிலோ. ஒவ்வொரு வீச்சுக்கும் இந்த இழுப்பு இருக்கு. அதனால கயிறு 1,000 கிலோவுக்குத்தான் அறும்னு போட்டிருந்தா அதுல பத்துல ஒரு பங்கு, 100 கிலோ தாங்கும்னு மட்டும் கணக்கு வச்சுக்கங்க.

கயிறுல விலை கம்மியா பளபளன்னு கலர் கலரா கிடைக்குமே அந்த பிளாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம். வெயில்ல கிடந்து கிடந்து நாரு நாரா பிரிஞ்சு, தடவிப் பாத்தா கையில குத்தும், தூளா கொட்டும், அப்புறம் எப்ப அறும்னு சொல்லவே முடியாது. நைலான் ஸ்ட்ராங்குதான், ஆனா இழுபட்டு பலகை கீழ இறங்கிடும். வெளியில போடறதுக்கு பாலியெஸ்டர் கயிறு நல்லது, 12 மில்லியாவது இருக்கட்டும். இல்லன்னா கால்வனைஸ்டு செயின், அதாவது துத்தநாகம் பூசின இரும்புச் சங்கிலி.

மேல மரச்சட்டம்னா திருகி ஏத்துற கொக்கி போடாதீங்க, ஆட ஆட அது லூஸாகி உருவிக்கிட்டு வந்துரும். சட்டத்தை மேலிருந்து கீழ வரைக்கும் துளை போட்டு ஐ போல்ட் (தலையில வளையம் இருக்கற போல்ட்டு) விட்டு, மேல பெரிய வாஷரும் லாக் நட்டும் போட்டு முறுக்குங்க. எஸ் கொக்கி போட்டா அதோட வாயை முழுசா அடிச்சு மூடிடணும், 1 மில்லி இடைவெளி கூட இருக்கக் கூடாது, துணியோ முடியோ மாட்டிக்கும்.

பலகைக்கு புது மரமே வேணாம். வீடு இடிச்ச இடத்துல கிடைக்கிற பழைய கதவு நிலைச் சட்டம் நல்லா காஞ்சு இறுகியிருக்கும், ஆணியெல்லாம் புடுங்கிட்டு இழைச்சு, உப்புத்தாள் தேய்ச்சு, ஓரத்தை மழுக்கி விட்டா போதும். ஒரு ஆளுக்கு 60 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 4 சென்டிமீட்டர் கனம். நாலு மூலையிலயும் ஓட்டை போட்டு, கயிறை முன் ஓட்டையில இறக்கி பலகைக்கு அடியில குறுக்கா கொண்டுபோய் பின் ஓட்டையில ஏத்துங்க. இப்படி செஞ்சா பலகை கயிறு மேல உட்கார்ந்திருக்கும், வெறும் முடிச்சுல தொங்காது. பலகை நீளவாக்குல விரிசல் விட்டாலும் பட்டுன்னு கீழ விட்டுராது.

மரத்துல கட்டறீங்கன்னா உயிரோட இருக்கற, 20 சென்டிமீட்டராவது தடிமன் உள்ள கிளையா பாருங்க. முருங்கை கிளையெல்லாம் பாக்க தடியா இருந்தாலும் சட்டுன்னு முறிஞ்சுரும், அதை நம்பாதீங்க. கயிறை நேரா சுத்தி இறுக்கினா பட்டை அறுந்து கிளையே பட்டுப்போயிடும் பாவம், அதனால அகலமான பெல்ட்டு போட்டு அதுல மாட்டுங்க.

மரம் இல்லையா, ஸ்கிராப்ல கிடைக்கிற ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) போதும். ரெண்டு பக்கமும் ஏ எழுத்து மாதிரி காலை விரிச்சு, மேல குறுக்க ஒரு பைப், வெல்டிங்கை மட்டும் தெரிஞ்ச ஆள்கிட்ட விட்டுருங்க. துருப்புடிச்ச பைப்பைத் தட்டிப் பாருங்க, பொத்தல் விழுந்திருந்தா ஒதுக்கிடுங்க. காலை 60 சென்டிமீட்டர் குழியில காங்கிரீட் போட்டு நிறுத்தி ஒரு வாரம் தண்ணி விட்டு விட்ருங்க, அதுவரைக்கும் பசங்க எவ்வளவு அடம்புடிச்சாலும் ஏத்தாதீங்க.

இடம் ரொம்ப முக்கியம். பார் 2 மீட்டர் உயரம்னா முன்னாடி 4 மீட்டர், பின்னாடி 4 மீட்டர் காலியா இருக்கணும். சுவரு, திட்டு, தொட்டி எதுவும் குறுக்க வரக் கூடாது, கீழ சிமெண்ட் தரைக்கு பதிலா மணலோ புல்லோ இருக்கட்டும்.

ஏறறதுக்கு முன்னாடி, உட்காரப்போற ஆளோட எடைக்கு ரெண்டு மடங்கு மணல் மூட்டையைக் கட்டி நல்லா இழுத்து ஆட்டி விட்டுப் பாருங்க. ஸ்டாண்டு கால் தூக்குதா, போல்ட்டுகிட்ட சத்தம் வருதான்னு அப்பவே தெரிஞ்சுரும்.