நீர்ப்பறவைகள்: கேள்வி-பதில்

கே: வேடந்தாங்கலில் முட்டையிட சைபீரியா, ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் பறவைகள் எவை?

ப: ஒன்றுகூட இல்லை. வருடா வருடம் இதே கேள்வி! அங்கே மரத்தில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் நம் துணைக்கண்டத்தவை. ஏரி நிரம்பினால் வரும், வற்றினால் வேறு நீர்நிலைக்குப் போகும். வடக்கின் குளிர்நாடுகளிலிருந்து வருபவை நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, உள்ளான் வகைகள். அவை முட்டையிடுவது அங்கே. இங்கே வருவது குளிருக்குத் தப்பி இரை தேட. ஆக, கூட்டில் உட்கார்ந்திருப்பது வெளிநாட்டு விருந்தாளி அல்ல. வாட்ஸ்அப்பில் ‘சைபீரியக் கொக்கு’ என்று சுற்றுவது பெரும்பாலும் மஞ்சள்மூக்கு நாரை. அசல் சைபீரியக் கொக்கு ராஜஸ்தானின் பரத்பூருக்கு வருவதே 2002-ஓடு நின்றுவிட்டது. இதைச் செய்தி எழுதுகிறவர்களும் படித்தால் நல்லது.

கே: வெள்ளைக் கொக்குகளை எப்படிப் பிரிப்பது?

ப: காலைப் பாருங்கள். கறுப்புக் கால், மஞ்சள் பாதம் என்றால் சின்னக் கொக்கு. சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது. அடுத்த அடி எடுத்து வைக்கும்வரை பொறுங்கள். மற்ற இரண்டுக்கும் வாய்ப்பிளவுதான் (அலகு திறக்கும் கோடு) அடையாளம்: கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடினால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே முடிந்தால் நடுத்தரக் கொக்கு. அலகு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பெரிய கொக்கின் மஞ்சள் அலகு இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும்.

கே: நத்தைக்குத்திக்கு அலகு உடைந்திருக்கிறதே?

ப: உடையவில்லை. குஞ்சில் நேராக இருக்கும், வளர வளர நடுவில் இடைவெளி விழும்.

கே: பழுப்பாக ஒரு சின்னப் பறவை. படம் இணைத்துள்ளேன். பெயர் என்ன?

ப: மங்கலான முதுகு மட்டும் தெரிகிறது. ஊர் இல்லை, மாதம் இல்லை, கால் நிறம் இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. ஆரஞ்சு கலந்த சிவப்புக் கால் என்று ஒரு வரி இருந்தால்கூடப் பவளக்காலியா என்று யோசிக்கலாம்.

கே: பழவேற்காட்டில் பூநாரைகளோடு சாம்பல் நிறத்தில் நிற்பது வேறு இனமா?

ப: இல்லை, பூநாரையின் இளம்பறவை. இனத்தை அலகில் பாருங்கள்: இளஞ்சிவப்பு அலகில் நுனி மட்டும் கறுப்பு என்றால் பெரியது, அலகு முழுக்கக் கருஞ்சிவப்பு என்றால் சிறியது. இளம்பறவைக்கு இது ஒத்துவராது.

கே: எந்த பைனாகுலர், எந்த நேரம்?

ப: 8 மடங்கு பெரிதாக்குவது, முன்லென்ஸ் 42 மி.மீ. போதும். 10 மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகும். காலையில் வெயில் உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாமே நீர்க்காகம்தான். வேடந்தாங்கலுக்கு மாலை 4 மணிக்கு மேல், இரை தேடப் போனவை திரும்பும்போது. கிளம்புமுன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கே: கைதட்டிப் பறக்கவிட்டுப் படமெடுக்கலாமா?

ப: கூடாது. தாய் எழும்பிய நிமிடத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும்.