குட்டி விமானத்துக்கு உள்ளே எவ்வளவு வேலை செய்யலாம்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: 1/72 அளவில் (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடல் கிட் ஆரம்பித்திருக்கிறேன் சார். கிட்டில் இருக்கை, தரை, ஸ்டிக், அவ்வளவுதான். தனியாக ரெசினில் வார்த்த காக்பிட் (விமானி அறை) வாங்கலாமா?

பதில்: வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். எதையும் ஒட்டாமல் உடலின் இரண்டு பாதிகளையும் மாஸ்கிங் டேப்பால் சேர்த்து, கேனோபியை (விமானி தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியை) மேலே வைத்து, முடித்த பிறகு எந்தத் தூரத்தில் நின்று பார்ப்பீர்களோ அங்கிருந்தே பாருங்கள். இருக்கையின் மேல் பாதி, அதன் பின்பக்கம், கருவிப் பலகையின் மேல் விளிம்பு, இவ்வளவுதான் கண்ணில் படும். பெடலுக்கு ஒரு சாயங்காலம் செலவழித்தாலும் அது இருட்டில்தான் கிடக்கும். கேனோபியை மூடப் போகிறீர்கள் என்றால் பெல்ட் மட்டும் போடுங்கள், போதும். திறந்து வைத்து இடது பக்கக் கதவையும் இறக்கி விடப் போகிறீர்கள் என்றால் பக்கச் சுவர் வரை தெரியும், அப்போது ரெசின் வாங்குங்கள். ஆனால் அது உள்ளே உட்கார, கிட்டின் சுவரை உள்பக்கமாகச் சுரண்டி மெலிதாக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பெல்ட்டை எதில் செய்வது?

பதில்: மாஸ்கிங் டேப்தான். நிஜ பெல்ட் 5 செ.மீ. அகலம் என்றால் 1/72-இல் 0.7 மி.மீ. டேப்பைக் கண்ணாடி மேல் ஒட்டி, முதலில் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் புது பிளேடால் நறுக்குங்கள். தோள்பட்டை பெல்ட்டை இருக்கையின் முதுகுக்கு மேலாக மடித்துக் கொண்டுவந்து, நுனியைப் பல்குச்சியால் லேசாகத் தூக்கி வளைத்து விடுங்கள். தட்டையாக ஒட்டிக் கிடந்தால் கோடு போட்டது போல இருக்கும், இப்படித் தொங்கினால்தான் துணி போலத் தெரியும்.

கேள்வி: அண்ணா, இன்னும் சின்ன 1/144 அளவில் உள்ளே என்ன செய்யலாம்?

பதில்: கருவிப் பலகையின் 8 செ.மீ. டயல் அங்கே அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் வரும்ப்பா. டீகால் (ஒட்டும் அச்சுப் படம்), ஒரு இருக்கை, அடர்ந்த நிறம், போதும்.

கேள்வி: எல்லா விமானத்துக்கும் உள்ளே பச்சைதானே?

பதில்: இல்லை. பிரிட்டிஷ் போர் விமானங்களில் சாம்பல் கலந்த பச்சை. ஜெர்மனியில் முதலில் பச்சை கலந்த சாம்பலான ஆர்எல்எம் 02 (ஆர்எல்எம் என்பது அவர்களின் விமான அமைச்சகம், 02 அது தந்த நிற எண்), பிற்பாடு அடர் சாம்பலான ஆர்எல்எம் 66. மிக்-21-இல் நீலப் பச்சை. எந்த நிறமானாலும் கொஞ்சம் வெளுப்பாகக் கலந்துகொள்ளுங்கள், சின்னக் கூட்டுக்குள் போனால் எல்லாமே கறுத்துவிடும்.

கேள்வி: பி-25 குண்டுவீச்சு விமானத்துக்கு வால் பக்கம் வரை உள்ளே எல்லாம் செய்தேன், இப்போது வாலில் உட்கார்ந்துவிட்டது.

பதில்: முன் சக்கர விமானத்தில் முக்கியச் சக்கரத்துக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு துண்டும் வாலைத்தான் கீழே இழுக்கும். மூக்கு முழுக்கக் கண்ணாடி என்றால் அங்கே எடைக்கான ஈயத்தை ஒளிக்க இடமும் கிடையாது. எஞ்சின் கூடுகளுக்குள் முன்பக்கமாகவும், விமானி இருக்கைக்கு அடியிலும் வையுங்கள். அடுத்த முறை ஒட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் டேப்பால் கட்டி, சக்கரம் வரும் இடத்தில் விரல்களால் தாங்கி, மூக்கு சாயும் வரை ஈயம் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கிறது என்று நமக்குத் தெரியுமே, அது போதாதா?

பதில்: தாராளமாகப் போதும். நானும் ஒரு குண்டுவீச்சு விமானத்தின் ரேடியோ அறைக்கு ஒரு மாதம் செலவழித்தேன், மூடிய பிறகு ஒரு கம்பிகூடத் தெரியவில்லை, இருந்தும் அந்த மாதத்தை நினைத்தால் இன்றும் சந்தோஷம்தான். மூடும் முன் நாலு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கேனோபியை சூப்பர் க்ளூவால் ஒட்டாதீர்கள், அதன் ஆவி உள்பக்கக் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்தால் துடைக்கவே முடியாது. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும்.