சாலை விபத்துதான் இளைஞர்களை அதிகம் கொல்கிறதா? வயதானவர்களுக்கும் அப்படியா?

செங்கோட்டையில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கண்ணீர் அஞ்சலிக்கு ஆர்டர் வந்தால், வயதைக் கேட்டதுமே காரணத்தைப் பாதி யூகித்துவிடலாம்.

அறுபதுக்கு மேல் என்றால் ஆதார் படமோ கல்யாண ஆல்பத்தில் வெட்டியதோ வரும். பெரும்பாலும் மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை. மகன் கூடவே நின்று பேரன் பேத்தி பெயரெல்லாம் சரிபார்ப்பார். இருபது சொச்சம் என்றால் வீட்டாள் வரமாட்டார்கள். கூட்டாளிகள்தான் வருவார்கள், பைக்கில் கூலிங் கிளாஸோடு எடுத்த படத்துடன். "பைக்கை வெட்டிரவா தம்பி?" என்று ஒருமுறை கேட்டேன். "இருக்கட்டும்ணே, அவனுக்குப் பிடிச்ச வண்டி" என்றான் ஒருவன். செத்ததும் அந்த வண்டியில்தான்.

உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது: 5 முதல் 29 வயது வரை சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்து. எல்லா வயதையும் சேர்த்தால் இதய நோய் முந்திவிடும். இந்தியாவில் 2022இல் மட்டும் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்காரர்கள், பாதிக்குச் சற்றுக் குறைவாக இருசக்கர வண்டியில் போனவர்கள்.

அதற்காகக் கிழவர்கள் தப்பித்தார்கள் என்றில்லை. அவர்களைக் கொண்டுபோக வேறு நோய்கள் வரிசையில் நிற்பதால் பட்டியலில் விபத்து கீழே இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான். டீக்கடைக்கு ரோட்டைக் கடக்கும்போது ஸ்கூட்டர் இடித்து இடுப்பெலும்பு முறிந்த பெரியவர், படுக்கையிலேயே கிடந்து இரண்டு மாதம் கழித்து நெஞ்சுச்சளியில் போனால் 'உடல்நலக் குறைவால்' என்றுதான் நான் அடிப்பேன். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால்தான் விபத்துச் சாவு என்பது சர்வதேசக் கணக்கு. அதனால் அங்கேயும் அவர் விடுபடுவார்.

என் கடைக் கணக்கிலும் ஓட்டை உண்டு. கைக்குழந்தைக்கு யாரும் பிளெக்ஸ் அடிப்பதில்லை. ஐந்து வயதுக்குள் குறைப்பிரசவம், நிமோனியா, வயிற்றுப்போக்கு இவைதான் பெரிய எமன்கள்.

எங்கள் பக்கம் ஒரு கூத்து நடக்கும். கேரளாவில் 2023 ஜூனிலிருந்து கேமரா பார்த்து அபராதம் போடுகிறார்கள். அதனால் புளியரை வரை டேங்க் மேல் கிடக்கும் ஹெல்மெட், கேரள எல்லையில் இருக்கும் கோட்டைவாசல் கருப்பசாமி கோயில் வந்ததும் தலைக்கு ஏறும். திரும்பும்போது அதே இடத்தில் கழற்றிவிடுவார்கள். அடுத்து வருவது எஸ் வளைவு. எதிரே ஜல்லி லாரி ஏறிக்கொண்டிருக்கும்.