பீரங்கியோடு வரும் விருந்தாளி

கேள்வி: வெளிநாட்டுப் போர்க்கப்பல் ஒன்று 'நல்லெண்ணப் பயணமாக' வந்திருக்கிறது என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். ஏவுகணையும் பீரங்கியும் சுமந்து வரும் கப்பலை நட்பின் தூதர் என்று சொல்வது முரணாக இல்லையா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: முரண் இருப்பது உண்மை. கடலில் நிற்கும் ஒரு கப்பலின் பீரங்கி எத்தகைய அச்சத்தைத் தரும் என்பது சென்னைக்கு நன்றாகவே தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பலான எம்டன் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போயிற்று. அதன் பெயர் இன்றுவரை நம் பேச்சுவழக்கில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. அப்படிப்பட்ட வல்லமையுள்ள கப்பல், முன்கூட்டியே அனுமதி கேட்டு, கொடி உயர்த்தி, அமைதியாக வந்து கரையோரம் நிற்கும்போது, அழைத்த நாட்டுக்கு 'நாங்கள் உங்களோடு இருக்கிறோம்' என்று சொல்கிறது. அதே சொல் அக்கம்பக்கத்து நாடுகளின் காதிலும் விழ வேண்டும் என்பது அனுப்பியவர்களின் எண்ணம்.

இதற்கு எடுத்துக்காட்டாக எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்கப் போர்க்கப்பல் மிசௌரியின் 1946ஆம் ஆண்டுப் பயணம். அமெரிக்காவுக்கான துருக்கித் தூதர் முனீர் எர்டெகுன் 1944 நவம்பரில் வாஷிங்டனில் காலமானார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலமாதலால் அவரது உடல் அங்கேயே தற்காலிகமாக வைக்கப்பட்டது. போர் முடிந்தபோது, கருங்கடலின் வாசலாக அமைந்த நீரிணைகளில் தனக்கும் உரிமை வேண்டும் என்று சோவியத் ஒன்றியம் துருக்கியை நெருக்கிக்கொண்டிருந்தது. ஒரு தூதரின் உடலைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுசேர்க்க எந்தக் கப்பலும் போதும். ஆனால் அமெரிக்கா அனுப்பியதோ, ஜப்பானின் சரணாகதி ஒப்பந்தம் கையெழுத்தான அதே மிசௌரியை. 16 அங்குலப் பீரங்கிகள் ஒன்பதைத் தாங்கிய கப்பலை. 1946 ஏப்ரல் 5ஆம் நாள் அது இஸ்தான்புல்லில் நங்கூரமிட்டது. நகரமே திரண்டு வரவேற்றது. துருக்கி அரசு அந்த வருகைக்கென அஞ்சல்தலை வெளியிட்டது. சோவியத்தைப் பற்றி அந்தக் கப்பல் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இறந்தவருக்கு மரியாதை செய்ய வந்த கப்பலை எவரால் குறைகூற முடியும்? மறு ஆண்டு மார்ச் மாதத்தில் அதிபர் ட்ரூமன் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் உதவி கோரி அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். 1952இல் துருக்கி நேட்டோவில் சேர்ந்தது. இவை எல்லாவற்றையும் ஒரு கப்பலின் கணக்கில் எழுதிவிட முடியாது என்றாலும், துருக்கி மக்கள் தங்கள் கண்ணால் கண்ட முதல் உறுதிமொழி அதுதான் என்பேன்.

கேள்வி: கப்பல் வந்து நின்ற பிறகு என்ன நடக்கும்? 21 குண்டு முழங்குவது ஏன்? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: துறைமுகத்தை நெருங்கும்போது, விருந்தாளிக் கப்பல் தன் பாய்மரக் கம்பத்தில் வரவேற்கும் நாட்டின் கொடியை ஏற்றி 21 முறை வேட்டு முழக்கும்; கரையிலிருந்து ஒவ்வொரு வேட்டுக்கும் பதில் வேட்டு வரும். பழைய பீரங்கிகளில் மறுபடி மருந்து கெட்டிக்க நேரம் பிடிக்கும் என்பதால், சுட்டுத் தீர்த்தவன் 'என் கை வெறுங்கை' என்று காட்டிக்கொள்கிறான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். பின்னர் கப்பலின் தலைவர் உள்ளூர்க் கடற்படைத் தளபதியையும் நகரத் தலைவர்களையும் சந்திப்பார். மாலையில் மேல்தளத்தில் விருந்து நடக்கும். பொதுமக்களை அனுமதிக்கும் நாளில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக ஏறிவருவார்கள். கைப்பிடிக் கயிற்றை இறுகப் பற்றியபடி ஏணிப்படியில் ஏறும் சிறுமியை, மொழி தெரியாத ஒரு மாலுமி கைகொடுத்துத் தூக்கிவிடுகிறாரே, அந்த நொடிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும் என்று எனக்குத் தோன்றும். சட்டப்படி போர்க்கப்பல், வெளிநாட்டுத் துறைமுகத்தில் நின்றாலும், தன் நாட்டின் இறையாண்மைக்கே உட்பட்டது. கப்பல்தலைவரின் இசைவின்றி உள்ளூர்க் காவலர் அதில் ஏற இயலாது. ஆகவே அத்தகைய கப்பலை உள்ளே விடுவதே பெரிய நம்பிக்கை.

கேள்வி: இப்படிப்பட்ட வருகைகளால் உண்மையில் நட்பு நிலைத்திருக்கிறதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: நிலைத்ததும் உண்டு, கலைந்ததும் உண்டு. 1914 ஜூனில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஜெர்மனியின் கீல் நகரப் படகு விழாவுக்கு விருந்தாளியாகச் சென்றிருந்தன. அங்கே இருக்கும்போதே, முதல் உலகப் போருக்குப் பொறியான சரயேவோ கொலைச் செய்தி (ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டது) வந்தது. ஆறு வாரங்களுக்குள் இரு கடற்படைகளும் பகைவர்களாயின.

இன்னொரு புறம் எர்டுக்ருல் கப்பலின் கதை. ஜப்பானிய இளவரசர் ஒருவரின் வருகைக்குப் பதில் மரியாதையாக, துருக்கியை ஆண்ட ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1889இல் இஸ்தான்புல்லிலிருந்து அனுப்பிய அந்தப் பழைய மரக்கப்பல், பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர் வழியாக ஏறக்குறைய பதினொரு மாதம் பயணம் செய்து 1890 ஜூனில் ஜப்பானின் யோகோஹாமாவை அடைந்தது. திரும்பும் வழியில், செப்டம்பர் 16 இரவு, ஜப்பானியக் கடலோர ஊரான குஷிமோட்டோ அருகே புயலில் பாறையில் மோதி உடைந்தது. 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர், 69 பேர் மட்டுமே பிழைத்தனர். ஓஷிமா தீவின் மீனவக் குடும்பங்கள், தாங்களே தட்டுப்பாட்டில் இருந்தும், சேமித்திருந்த கிழங்கையும் வளர்த்த கோழியையும் அவர்களுக்குக் கொடுத்துக் காப்பாற்றின. பிழைத்தவர்களை இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் இஸ்தான்புல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. 1985 மார்ச்சில், ஈரான்-ஈராக் போரின்போது டெஹ்ரானில் சிக்கியிருந்த 200க்கும் மேற்பட்ட ஜப்பானியரைத் துருக்கி விமானங்கள் மீட்டபோது, இரு நாட்டாரும் நினைவுகூர்ந்தது அந்தத் தீவைத்தான். திட்டமிட்ட விருந்துகளைவிட, திட்டமிடாத அந்த ஓரிரவு நெடுங்காலம் நின்றது.

கேள்வி: 'வர வேண்டாம்' என்று சிறிய நாடு சொல்ல முடியுமா? (வாசகர், கோவை)

பதில்: முடியும், விலை கொடுக்க வேண்டியிருக்கும். 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற, செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் கண்காணிக்கும் சீனக் கப்பலின் வருகையை, இந்தியாவின் கவலையை அடுத்து, ஒத்திவைக்குமாறு கேட்ட இலங்கை, பிறகு அம்பாந்தோட்டையில் அனுமதித்தது. இரு பெரிய நாடுகளுக்கு இடையே அகப்பட்ட நாட்டின் தவிப்பு அது. நியூசிலாந்து உறுதியாக நின்றது: அணு ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல மறுத்த அமெரிக்கக் கப்பலான புக்கானனை 1985இல் பிரதமர் டேவிட் லாங்கேயின் அரசு அனுமதிக்கவில்லை. மறு ஆண்டு அமெரிக்கா, அந்நாட்டுக்கான தன் பாதுகாப்புக் கடமைகளை நிறுத்திவைத்தது. நியூசிலாந்து அணுவிலக்குச் சட்டத்தை 1987இல் இயற்றி, இன்றுவரை கைவிடவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், 2016 நவம்பரில், அச்சட்டத்துக்கு உட்பட்டு, நியூசிலாந்துக் கடற்படையின் 75ஆம் ஆண்டு விழாவுக்கு சாம்ப்சன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் அழைக்கப்பட்டது. அந்த நாட்களில்தான் கைகோரா என்ற நியூசிலாந்துக் கடலோர ஊரை நிலநடுக்கம் தாக்கி, சாலையும் ரயில் பாதையும் மண்சரிவில் துண்டிக்கப்பட்டன. விழாவுக்கு வந்த சாம்ப்சன், நியூசிலாந்து, ஆஸ்திரேலிய, கனடியக் கப்பல்களோடு கைகோராவை நோக்கித் திரும்பிற்று; அதன் ஹெலிகாப்டர்கள் நிவாரணப் பொருள்களை இறக்கிவிட்டு, சிக்கியிருந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்தன.