'சிஐடிபி' என்று ரிப்போர்ட் வந்தால் உடனே ஊசியா?

கேள்வி: வயது 56. பத்து வருடமாகச் சர்க்கரை. எட்டு மாதமாக இரண்டு பாதமும் மரத்துப்போகின்றன. நரம்புச் சோதனை ரிப்போர்ட்டில் 'சிஐடிபி' என்று போட்டிருக்கிறார்கள். இம்யூனோகுளோபுலின் (தானம் பெற்ற ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஐந்து நாள் ஏற்றாவிட்டால் நடையே போய்விடும் என்று மருந்து ஏற்பாடு செய்பவர் தினமும் போன் செய்கிறார். ஏற்றிக்கொள்ளலாமா?

பதில்: முதலில் அந்த போனை எடுக்காதீர்கள். சிஐடிபி எட்டு வாரத்துக்கு மேல் மெல்ல முற்றும் நரம்பு நோய். இன்னொரு நரம்பியல் மருத்துவரைப் பார்க்க ஒரு வாரம் ஆனால் குடி முழுகிவிடாது. மூச்சோ விழுங்குவதோ தடுமாறினால், அல்லது பலவீனம் வேகமாகக் கூடினால் அன்றே ஓடுங்கள்.

நம் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிப்பதுதான் சிஐடிபி. வழக்கமாகப் பலவீனம்தான் அதன் அடையாளம்: நாற்காலியிலிருந்து எழ முடியாது, தலைவாரக் கை தூக்க முடியாது, சுத்தியலால் தட்டினால் முழங்கால் துள்ளாது. உங்கள் கடிதத்தில் பலவீனம் என்ற சொல்லே இல்லை. பாதத்திலிருந்து மெல்ல ஏறும் மரப்பு பெரும்பாலும் சர்க்கரையின் வேலை. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா? அது வைட்டமின் பி12-ஐக் குறைக்கக்கூடும். அதனாலும் பாதம் மரக்கும்.

அப்புறம் அந்த ரிப்போர்ட். மேலுறை அரித்தால் நரம்பில் செய்தி ஓடும் வேகம் குறையும்; அதை வைத்துத்தான் சிஐடிபி என்று எழுதுகிறார்கள். ஆனால் பாதம் குளிர்ந்திருந்தாலே அந்த வேகம் குறைவாகக் காட்டும். சர்க்கரையால் நரம்பு இழைகள் செத்திருந்தாலும் குறையும். முதுகுத் தண்டு நீரில் புரதம் கூடியிருக்கிறது, அதுவே சான்று என்பார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு இந்நோய் இல்லாமலும் அது கூடும். நோயாளியின் காலைத் தொட்டும் பாராதவர் எழுதிய ஒரு வரி எப்படித்தான் நோயின் பெயராகிவிடுகிறதோ!

'ஏற்றிப் பார்ப்போம், தேறினால் சிஐடிபிதான்' என்பது இன்னொரு பொறி. விலையுயர்ந்த மருந்து ஏறினால் யாருக்கும் நான்கு நாள் தெம்பாகத்தான் இருக்கும். ஏற்றும் முன்னும் பின்னும் கைப்பிடி பலத்தையும் நடையையும் அளக்காத சிகிச்சை வெறும் சூதாட்டம். ரத்தக்கட்டு, சிறுநீரகக் கோளாறு ஆபத்தும் உண்டு, சர்க்கரைக்காரருக்குக் கூடுதலாக.

உங்களுக்குப் பொருந்தாது என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. மரப்பே இல்லாமல், ஒரு கையில் மட்டும் பலவீனம் கூடிக்கொண்டே போகும் இன்னொரு வகை நரம்பு நோய் உண்டு. அதற்கு இம்யூனோகுளோபுலின் கேட்கும். ஸ்டீராய்டு கேட்காது, கையை இன்னும் மோசமாக்கவும் கூடும். 'எல்லாம் நரம்பு வீக்கம்தானே' என்று ஸ்டீராய்டு மாத்திரையை நீட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். மரப்பு இல்லையா, ஒரு பக்கம்தானா? அப்படியானால் வகை தெரியாமல் ஸ்டீராய்டைத் தொடக் கூடாது.

சரி, உங்களுக்கு வருவோம். கடைசி வரியை மட்டும் எடுத்துப் போகாமல், சோதனையின் வரைபடப் பக்கங்களையும் கேட்டு வாங்குங்கள். பாதத்தைச் சூடாக்கி மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். பி12-உம், ரத்தப் புரதங்களை வகை பிரித்துக் காட்டும் எலெக்ட்ரோபோரசிஸ் சோதனையும் பார்த்துவிட்டு, உங்கள் காலைத் தட்டிப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள்.