மூன்றாவது முறை நீட் வேண்டாம், ஐயா

கோத்தகிரியிலிருந்து எழுதிய ஐயாவுக்கு,

மகள் இரண்டு முறை நீட் எழுதியும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை பயிற்சி, இல்லையேல் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்று அவள் மாமா நெருக்குகிறார். ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள். பச்சைத் தேயிலை விலை இறங்கும். கடன் தவணை இறங்காது. அதைக் கட்டப்போவது மாமா அல்ல, நீங்கள்.

பள்ளியில் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் அவளுடைய வழி. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. படிக்கத் தமிழ்நாட்டில் இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணைத்தான் பார்த்தார்கள், நீட் கேட்டதில்லை. இந்த ஆண்டு விதியை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் என்ன செய்வார்கள்? ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் வைத்து, இன்னொரு ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி வரை சாய்த்து ஒரே வீச்சில் தள்ளுவார்கள். நாக்கு வடிவில் மெல்லிய படலம் விழ வேண்டும். உடனே உலர்த்தவும் வேண்டும். நம் மலையின் மழைக்கால ஈரத்தில் மெதுவாகக் காய்ந்தால் சிவப்பணுக்களின் வடிவம் கெட்டு, இல்லாத கோளாறு இருப்பதுபோல் தெரியும். பிறகு அணுக்களை நிறம் பிரித்துக் காட்டும் லீஷ்மன் சாயம். சிறுத்து வெளிறிய சிவப்பணுக்கள் இரும்புச்சத்துக் குறைவை நினைக்க வைக்கும். முதிராத வெள்ளையணுக்கள் தென்பட்டால் ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம். மருத்துவருக்கு அன்றே தகவல் போக வேண்டும்.

சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகை இந்தியாவில் முதன்முதலில் பதிவானது 1952இல், நம் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். நோயாளியின் ஸ்லைடில் அரிவாள் வடிவச் செல்கள் தெரியும். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த நோய் மரபணுவைப் பெற்றுச் சுமப்பவரின் ஸ்லைடோ பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கரைதிறன் சோதனையும், ரத்தத்தின் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியும்தான் அவரைக் காட்டிக்கொடுக்கும். அப்படி இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இந்த நோய்க்காக 2023இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டத்தின் இலக்கு ஆண்டு 2047. இந்த வேலையைத்தான் 'வெறும் லேப் வேலை' என்கிறார் மாமா!

தனியார் ஆய்வகங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு, மறைக்க மாட்டேன். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கும்போது விண்ணப்பிக்கலாம். கல்லூரிக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மாடியில் ஓர் அறை பிடித்துச் சான்றிதழ் விற்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

முதலில் மகளிடம் கேளுங்கள். அவள் சரி என்றால் மாமாவின் எண்ணை அனுப்புங்கள், அவரிடம் நான் பேசுகிறேன்.